காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு நகராட்சிப் பகுதியில் இருக்கிறோம். ஆறு வாரத்துக்குள் எங்கள் தெருவில் ஐந்து பேருக்குக் காய்ச்சல். எதிர்வீட்டு லாரி டிரைவர் செப்டம்பர் 13-ஆம் தேதி சென்னையிலிருந்து வந்தார், 16-ஆம் தேதி படுத்துவிட்டார். வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அக்டோபர் 3-ஆம் தேதி பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்தது. அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்து டெங்கு என்று உறுதி செய்தார்கள். 20-ஆம் தேதி தெருமுனைத் தையல்கடை அக்காவுக்கு, 21-ஆம் தேதி என் 11 வயது மகளுக்கு, 22-ஆம் தேதி மாமியாருக்கு. மகளுக்கு 23-ஆம் தேதி தனியார் லேபில் கார்டு டெஸ்ட் எடுத்தோம், டெங்கு பாசிட்டிவ். மாமியாருக்கு 24-ஆம் தேதி ஐ.ஜி.எம். என்ற ரத்தப் பரிசோதனை எடுத்ததில் நெகட்டிவ், அதனால் டெங்கு இல்லை என்றார்கள். தையல்கடை அக்கா டெஸ்ட்டே எடுக்கவில்லை. நேற்று சுகாதார ஆய்வாளர் வந்து, காய்ச்சல் எந்தத் தேதி தொடங்கியது, எந்தப் பள்ளி, இரண்டு வாரமாக எங்கெங்கே போனாள் என்று துருவித் துருவிக் கேட்டார். ஆனால் கணக்கில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு டெங்குதானாம். மறைக்கிறார்களா? நாறுகிற சாக்கடையை விட்டுவிட்டு, நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குடிதண்ணீரைப் பிடித்துவைத்த ட்ரம்மில் மருந்து ஊற்றுகிறார்கள். புகை வண்டி ஒருமுறை வந்ததோடு சரி. மகளுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் விட்டுவிட்டது. பள்ளிக்கு அனுப்பலாமா? நவம்பர் 8-ஆம் தேதி என் தங்கை எட்டு மாதக் குழந்தையோடு வருகிறாள், வரச் சொல்லலாமா?
– வாசகி, அக்டோபர் 26

பதில்: கடைசியில் ஒரு வரியாக எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள், உடம்புச் சூடு குறைந்த அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில், ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரலாம். உங்கள் மகளுக்கு இன்று ஆறாவது நாள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டுப் போவது, எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து விழுவது, நாலு முதல் ஆறு மணி நேரம் சிறுநீரே போகாமல் இருப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளாமல் அந்நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சி, இளநீர், மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். காய்ச்சலோ வலியோ இருந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றையும் கிட்டே சேர்க்காதீர்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறுகிற பழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. ரத்தம் எவ்வளவு கெட்டிப்படுகிறது என்று காட்டும் ஹீமடோக்ரிட் அளவையும் மருத்துவர் சேர்த்துப் பார்க்கிறாரா என்று கேளுங்கள்.

இனி ஆய்வாளர் துருவித் துருவிக் கேட்ட கேள்விக்கு வருவோம். அவர் கேட்ட பத்துக் கேள்வியில் உயிரான கேள்வி ஒன்றுதான்: காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது? டெஸ்ட் எடுத்த தேதியும் ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதியும் அதற்கு ஈடாகாது. உடம்பு முதன்முதலில் சுட்ட அந்த நாள் தெரிந்துவிட்டால் வைரஸ் எங்கே தொற்றியது, எந்தப் பரிசோதனையை நம்பலாம், அடுத்த நோயாளி எப்போது வருவார் என்று மூன்றையும் கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் கடிதத்தில் ஐந்து பேருக்கும் தேதி இருக்கிறது. அதை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

கணக்குக்கு வேண்டியவை நாலு அளவுகள். வைரஸ் உள்ள கொசு கடித்து 4 முதல் 10 நாளில், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், காய்ச்சல் வரும். காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பிருந்து, தொடங்கி ஐந்து நாள் வரை நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் மிகுதியாக ஓடும். அந்த நாட்களில் கடிக்கும் ஏடிஸ் பெண்கொசுவுக்கு அது தொற்றும், ஆனால் உடனே அதனால் பரப்ப முடியாது. வைரஸ் அதன் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர 8 முதல் 12 நாள் ஆகும், வெயில் கூடினால் சீக்கிரம். அதன்பின் அந்தக் கொசு சாகும்வரை கடிக்கிற ஆளுக்கெல்லாம் பரப்பும்.

டிரைவர் 13-ஆம் தேதி வந்தார், 16-ஆம் தேதி காய்ச்சல். மூன்றே நாள். உங்கள் தெருக் கொசு கடித்து இவ்வளவு சீக்கிரம் காய்ச்சல் வருவது அரிது. எனவே அவருக்கு வந்தது டெங்குதான் என்றால், சென்னையிலோ வழியிலோ தொற்றியிருக்க வேண்டும். செப்டம்பர் 15 முதல் 21 வரை அவர் வீட்டில் படுத்திருந்தபோது கடித்த கொசுக்கள் 23-ஆம் தேதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஒவ்வொன்றாகப் பரப்பத் தயாராகியிருக்கும். அதிலொன்று செப்டம்பர் கடைசி வாரத்தில் பையனைக் கடித்திருந்தால் அக்டோபர் 3-ஆம் தேதிக் காய்ச்சல் கச்சிதமாகப் பொருந்துகிறது. இடைவெளி 17 நாள். பையன் ரத்தத்தில் வைரஸ் ஓடிய அக்டோபர் முதல் வாரத்தில் கடித்த கொசுக்கள் 10-ஆம் தேதியிலிருந்து தயார். 13 முதல் 17-க்குள் அவை கடித்தால் 20, 21, 22 என்று மூன்று பேருக்கு வரிசையாகக் காய்ச்சல். மறுபடியும் இடைவெளி 17 முதல் 19 நாள். ஒன்று, ஒன்று, பிறகு மூன்று என்று தலைமுறை தலைமுறையாகப் போகிற இந்தத் தாளம்தான் டெங்குவின் கையெழுத்து. உங்கள் மகளுக்கும் மாமியாருக்கும் ஒருநாள் வித்தியாசத்தில் வந்ததால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டியது என்று நினைத்திருப்பீர்கள். ஒருநாளில் அது நடக்க வழியில்லை. ஏடிஸ் கொசு ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடிப்பதில்லை. தட்டினால் பறந்து அடுத்தவரைக் கடிக்கும். ஒரே கொசு ஒரே பகலில் இருவரையும் கடித்திருக்கலாம்.

டிரைவரை யாரும் பரிசோதிக்கவில்லையே, இதெல்லாம் ஊகம்தானே என்றால், ஆமாம். ஆனால் இன்னும் நேரம் இருக்கிறது. ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும். அவருக்கு இன்று 41-ஆம் நாள். இப்போது எடுத்தாலும் அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்திருக்க வாய்ப்பு உண்டா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆய்வாளரிடம் அவர் பேரைச் சொல்லுங்கள், அவர் பட்டியலில் டிரைவர் இருக்க வாய்ப்பே இல்லை.

பள்ளி பற்றியும் போன இடம் பற்றியும் கேட்டதில் பயப்பட ஒன்றுமில்லை. 2020-ல் வாசலில் தகரம் அடித்துத் தெருவை மூடிய நினைவு நமக்கு இன்னும் போகவில்லை, அதனால் ஆய்வாளர் நோட்டோடு வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கொரோனாவில் யாரோடு பேசினீர்கள் என்று ஆளைத் தேடினார்கள். டெங்குவில் தேடுவது இடத்தை. இந்தக் கொசு வாழ்நாள் முழுக்க பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும், மிஞ்சிப்போனால் நானூறு. கடிப்பதும் பகலில்தான், விடிந்து இரண்டொரு மணி நேரமும் பொழுது சாயும் முன்பும் அதிகம். பகலில் உங்கள் மகள் எங்கே இருந்தாள்? வீடு, பள்ளி, டியூஷன். அதே பள்ளியில் அதே வகுப்பில் வேறு தெருப் பிள்ளைக்கும் காய்ச்சல் என்றால் கொசு உங்கள் தெருவில் இல்லாமல் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில்கூட இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வி. மகளைத் தனிமைப்படுத்தச் சொல்லி யாரும் வரமாட்டார்கள். காய்ச்சல் முழுக்க நின்று, இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டு, மருத்துவரும் சரி என்றால் பள்ளிக்குப் போகலாம்.

இனி அந்த ஒன்று. ஐந்து பேர் எப்படி ஒன்றானார்கள்?

அரசு கணக்கில் சந்தேகம், வாய்ப்புள்ளது, உறுதியானது என்று மூன்று படிகள் உண்டு. தனியார் லேபில் எடுக்கும் கார்டு டெஸ்ட், பாசிட்டிவ் வந்தாலும் இரண்டாம் படியோடு நின்றுவிடும். எலைசா என்ற ஆய்வக முறையில் செய்த என்.எஸ்.1 அல்லது ஐ.ஜி.எம். பாசிட்டிவ் வந்தால்தான் உறுதி. அதற்கென்று மாவட்டம்தோறும் கண்காணிப்பு மருத்துவமனைகள் உண்டு, புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் ஐ.ஜி.எம். கிட்டுகளை அவற்றுக்கு அனுப்புகிறது. பையனுக்கு எடுத்தது அங்கே. ஆகவே அவன் மட்டும் கணக்கில். உங்கள் மகள் இரண்டாம் படியில் நிற்கிறாள். டிரைவரும் தையல்கடை அக்காவும் பட்டியலிலேயே இல்லை.

மாமியாருக்கு நடந்தது இன்னும் சங்கடமானது. என்.எஸ்.1 என்பது வைரஸின் புரதம், காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் தேட வேண்டியது. ஐ.ஜி.எம். நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள். அது ஐந்தாம் நாள் வாக்கில்தான் பெரும்பாலோருக்குத் தலைகாட்டும், பத்தாம் நாளுக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் வந்துவிடும். மாமியாருக்கு 22-ஆம் தேதி காய்ச்சல், 24-ஆம் தேதி ஐ.ஜி.எம். எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளில் அது நெகட்டிவ் வந்ததில் வியப்பே இல்லை, ‘டெங்கு இல்லை’ என்று சொல்லவும் அது போதாது. அந்த லேப் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதேதான், காய்ச்சல் எந்தத் தேதி. அக்டோபர் 29-க்குப் பிறகு அரசு மருத்துவமனையில் மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். இதே தவறு தலைகீழாகவும் நடக்கும்: எட்டாம் நாளில் என்.எஸ்.1 எடுத்து நெகட்டிவ் என்று அனுப்பிவிடுவார்கள். கார்டில் ஐ.ஜி.ஜி. கோடு மட்டும் தெரிந்ததற்கு டெங்கு என்று பயமுறுத்துவதும் உண்டு. அது பெரும்பாலும் எப்போதோ வந்துபோன பழைய தொற்றின் தடம்.

நாடு முழுக்க இந்த வேலைக்கு 2004-ல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. கிராம சுகாதார செவிலியர் அறிகுறியை வைத்து எழுதுவது ஒரு படிவம், மருத்துவர் தன் கணிப்பை எழுதுவது இரண்டாவது, லேப் முடிவை எழுதுவது மூன்றாவது. முன்பு வாரத்துக்கு ஒருமுறை காகிதத்தில் போனது, 2021 முதல் இணையத் தளத்தில் ஏறுகிறது. ஏறினால்தான் கணக்கு. டெங்கு அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோய், தனியார் மருத்துவமனையும் லேபும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். எத்தனை பேர் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பது வேறு கதை. இன்னொரு ஓட்டை முகவரி. பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர் அத்தை வீட்டு முகவரியையே கொடுப்பார், கொசு மருந்து அத்தை தெருவுக்குப் போகும், கொசு உங்கள் தெருவில் இருக்கும். ஒரே நோயாளி இரண்டு மருத்துவமனையில் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு பேராகப் பதிவாவதும் உண்டு. இவற்றையெல்லாம் சலித்து, அந்தந்த ஊருக்கு மாற்றி அனுப்பிய பிறகு வருவதுதான் பட்டியல்.

ஆக, ஒன்று என்ற எண்ணை வைத்து மட்டும் மறைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. எங்குமே மறைப்பதில்லை என்று நான் சான்றிதழ் எழுதித் தரவும் முடியாது. ஆனால் ஒரு விஷயம். டெங்கு தொற்றியவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்கு அறிகுறியே தெரியாது, தெரிந்தாலும் பெயருக்குத்தான். எவ்வளவு நேர்மையாக எண்ணினாலும் பட்டியல் முழுமையாக இருக்காது. முழு எண்ணிக்கையைச் சொல்வது அதன் வேலையும் அல்ல, தேதி வாரியாகக் கட்டம் போட்டுப் பார்க்கும்போது நோய் ஏறுகிறதா இறங்குகிறதா, எந்தத் தெருவில் குவிகிறது என்று காட்டுவதுதான் வேலை. அதற்கு ஐந்தில் மூன்று கிடைத்தாலும் போதும், தேதி சரியாக இருந்தால். டெஸ்ட் எடுத்த தேதியை வைத்துக் கட்டம் போட்டால் திங்கட்கிழமைதோறும் நோய் பொங்குவது மாதிரி தெரியும். ஞாயிறு லேப் மூடியிருந்ததுதான் காரணமாக இருக்கும்.

உங்கள் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2012-ல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியாகி 66 பேர் இறந்தார்கள். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த, இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் கடையநல்லூர்ப் பகுதி கடுமையாக அடிபட்டது. நாள்கணக்கில் இடைவெளி விட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில் வீட்டுக்கு வீடு தொட்டியும் ட்ரம்முமாகப் பிடித்துவைப்பார்கள், அதில்தான் கொசு. 2017-ல் மாநிலக் கணக்கு 23,294 பேருக்கு ஏறியது.

அதனால்தான் சாக்கடையை விட்டுவிட்டு உங்கள் ட்ரம்முக்கு வருகிறார்கள். சாக்கடையில் வளர்வது கியூலெக்ஸ், ராத்திரி காதோரம் ரீங்காரமிட்டுத் தூங்கவிடாத கொசு. அதற்காகச் சாக்கடையைச் சுத்தம் செய்யச் சொல்லி நகராட்சியிடம் தாராளமாகச் சண்டை போடுங்கள், ஆனால் அது வேறு சண்டை. கால்களில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் தேடுவது தெளிந்த, அசையாத தண்ணீரை. சாக்கடைக்குள் இரண்டு நாள் மருந்தடித்தாலும் டெங்கு ஒருவருக்குக்கூடக் குறையாது.

ட்ரம்முக்குப் பக்கத்தில் டார்ச்சோடு போய் நில்லுங்கள். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் சடாரென்று அடிக்குப் போய்விடும், உடனே பார்த்தால் ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி, பாம்பு மாதிரி நெளிவது புழு. காற்புள்ளி வடிவத்தில் சுருண்டு, தட்டினால் குட்டிக்கரணம் அடிப்பது கூட்டுப்புழு, இரண்டு நாளில் கொசுவாகப் பறக்கப்போவது. வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டால் தெளிவாகத் தெரியும். இனி உள்சுவரைப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான கோட்டில், மிளகாய்த்தூளைவிடப் பொடியாகக் கறுப்பாக ஒட்டியிருப்பது முட்டை. இதுதான் விஷயத்தின் முடிச்சு. அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? மிச்சத்தைக் கொட்ட மனமில்லாமல் அதன்மேலேயே நிரப்புகிறோம். மட்டம் ஏறி முட்டை நனைகிறது, பொரிக்கிறது. அடுத்த 7 முதல் 10 நாளில் கொசு. தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுக் கழுவாமல் பிடித்தாலும் கதை இதேதான், சுவரில் முட்டை அப்படியே இருக்கும். வாரம் ஒருமுறை காலி செய்து, தேங்காய் நாரோ பிரஷோ வைத்து, விளிம்புவரை அழுத்தித் தேய்த்து, கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றி, வெயிலில் காயவிட்டுப் பிடிக்க வேண்டும். வாரம் என்பது சும்மா சொல்வதில்லை, முட்டை கொசுவாவதற்குள் சங்கிலியை அறுக்கும் கணக்கு அது.

முழுக்கக் காலி செய்ய முடியாத சிமெண்ட் தொட்டிக்குத்தான் அபேட். டெமிஃபாஸ் என்ற மருந்து, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது அளவு. ஒரு சதவீத மணல் குருணையாக இருந்தால் 100 லிட்டருக்கு 10 கிராம், 500 லிட்டர் ட்ரம்முக்கு 50 கிராம். 50 சதவீதத் திரவமாக இருந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டரே 500 லிட்டருக்குப் போதும், அதனால்தான் பணியாளர்கள் முன்கூட்டியே நீர்க்கக் கரைத்து எடுத்து வருகிறார்கள். இந்த அளவில் குடிநீர்ப் பாத்திரத்தில் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. வாடை கொஞ்சம் இருக்கும். நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள், கைக்கணக்கு தப்பும். பெரிய பிரச்சினை வேறு: ஊற்றிய மறுநாளே நாம் தொட்டியைக் காலி செய்து புதுத்தண்ணீர் பிடித்துவிட்டால் மருந்தும் போயிற்று. பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் புழு வராது என்ற நம்பிக்கையும் தவறு. குடிக்கிற அளவுக் குளோரினில் அது சௌகரியமாக வளரும்.

மூடி வைத்தால் போதாதா என்பார்கள். ட்ரம் மூடியில் குழாய் நுழைக்கிற ஓட்டை இருக்கிறதே! வேட்டித் துணியை இரட்டையாக மடித்து, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்தால் துணிமேலேயே குட்டை தேங்கும். மாடித் தொட்டியின் வழிதண்ணீர்க் குழாய் வாயில் வலை கட்டுங்கள். ஃப்ரிட்ஜின் பின்தட்டு, மணிப்பிளாண்ட் பாட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி, இவையெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பட்டியல். உங்கள் தெருவைப் பொறுத்தவரை என் சந்தேகம் ட்ரம்மிலும் தொட்டியிலும்தான்.

பணியாளர்கள் வீடு வீடாக எண்ணிக்கொண்டு போவதும் கண்காணிப்பின் ஒரு பாதி. உங்கள் பகுதியில் 60 வீடு பார்த்து, 9 வீட்டில், 15 பாத்திரங்களில் புழு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நூறில் 15 வீடு என்பது வீட்டுக் குறியீடு. நூறு வீட்டுக்கு 25 பாத்திரம் என்பது பிரெட்டோ குறியீடு. அடுத்த வாரம் இந்த எண் இறங்கவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். இதைக் கெடுப்பது பூட்டிய வீடு. ஊருக்குப் போனவர் மொட்டைமாடியில் விட்டுப்போன ஒரே ஒரு தொட்டி நூறு கொசுவைத் தரும், குறியீட்டில் அது வரவே வராது. அப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால் சாவி யாரிடம் என்று உங்களுக்குத்தான் தெரியும், ஆய்வாளருக்குத் தெரியாது.

புகை வண்டி பார்வைக்குப் பிரமாதம், பலன் கொஞ்சம். அது பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், முட்டையையும் புழுவையும் தொடாது. ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலடியில், தொங்குகிற துணிக்குப் பின்னால், இருட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். நாம் வண்டிச் சத்தம் கேட்டதும் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொள்கிறோம், புகை தெருவோடு போய்விடுகிறது. அடுத்தமுறை வரும்போது சாப்பாட்டை மூடி வைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, அரைமணி நேரம் வெளியே நில்லுங்கள். வண்டியைவிடக் கைக்கருவியால் வீட்டுக்குள் அடிப்பதே முக்கியம். இரண்டு சதவீத பைரெத்ரம் என்ற பூச்சிமருந்து ஒரு பங்குக்கு மண்ணெண்ணெய் 19 பங்கு கலந்து, நோயாளி வீட்டிலும் சுற்றி 50 வீடுகளிலும் அடிப்பது முறை. அன்று கூட்டுப்புழுவாக இருந்தது இரண்டு நாளில் பறக்கும், எனவே ஒரு வாரம் பத்து நாள் விட்டு மறுபடி அடிக்க வேண்டும். ஒருமுறையோடு நிறுத்தியது பற்றிய உங்கள் புகார் நியாயமானது, எழுத்தில் கொடுங்கள். புகையை மட்டும் கேட்காமல் வீட்டுக்குள் அடிக்கக் கேளுங்கள்.

இதைவிட மலிவான ஒன்றை யாரும் செய்வதில்லை. காய்ச்சல்காரரைப் பகலில் கொசுவலைக்குள் படுக்கவைப்பது. அவரைக் கொசு கடிக்காவிட்டால் அடுத்த தலைமுறையே கிடையாது. உங்கள் மகளுக்கு அந்தக் கெடு ஏறக்குறைய முடிந்துவிட்டது, மாமியாருக்கு இன்னும் ஓரிரு நாள் இருக்கிறது. இன்றே வலை கட்டுங்கள்.

தங்கைக்கு வருவோம். கணக்கை முன்னோக்கி ஓட்டுங்கள். 20-ஆம் தேதி முதல் 27 வரை இந்த மூவரையும் கடித்த கொசுக்கள் அக்டோபர் 28 வாக்கிலிருந்து பரப்பத் தொடங்கும், நவம்பர் 8 வரை புதிது புதிதாகத் தயாராகிக்கொண்டே இருக்கும். அடுத்த அலை வருவதானால் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும், முந்தைய இரண்டு இடைவெளிகளைப் பார்த்தால் 7, 8 தேதிகளில் பலமாக இருக்கும். தங்கை வர நினைத்திருக்கும் நாள் அதுவேதான். டெங்குவில் கைக்குழந்தைகள் சீக்கிரம் துவண்டுவிடுவார்கள். பயணத்தை நவம்பர் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அதற்குள் இரண்டு வேலை. ஒரு நோட்டில் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பேர், வீடு, தொடங்கிய தேதி, வெளியூர் போனாரா என்று குறித்துக்கொண்டே வாருங்கள், ஆய்வாளர் வரும்போது அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ட்ரம் தேய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். நவம்பர் 2 முதல் 20 வரை புதுக்காய்ச்சல் ஒன்றும் இல்லாமல், கடைசி இரண்டு ஞாயிறும் ஒரு புழுவும் கண்ணில் படாமல் போனால் தங்கை வரட்டும். குழந்தை பகலில் தூங்கும்போதும் வலையைப் போட்டுவிடுங்கள்.